தறிக்குழிக்குள் புகை

நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், அர்த்தநாரி இரண்டு கம்பளிக்கும் ஒரு கோணிச்சாக்குக்கும் அடியில் நடுங்கிக்கொண்டிருந்தார். பல் அடித்துக்கொள்ளும் சத்தம் வாசல்வரை கேட்டது. அதே அறையில், கட்டிலிலிருந்து கை எட்டும் தூரத்தில், அவர் மனைவி முத்தாயம்மாள் தறியில் உட்கார்ந்து பட்டு நெய்துகொண்டிருந்தாள். ஒரு கை ஊடை நூல் சுற்றிய நாடாவைத் தள்ளும். இன்னொரு கை திடீரென்று காலடியில் இருந்த தறிக்குழிக்குள் இறங்கிக் கெண்டைக்காலில் ஓங்கி அறையும். பிறகு ஒன்றும் நடக்காததுபோல் மேலே வந்து வேலையைத் தொடரும்.

எழுபத்தெட்டாம் வருஷத்து ஐப்பசி அது. ராசிபுரத்தில் மழை பெய்து ஓய்ந்திருந்தது. நெசவாளர் தெருவில் வீட்டுக்கு ஒருவராவது குளிர்காய்ச்சலில் கிடந்தார்கள்.

சென்றாயன் செருப்பை வாசலில் விட்டு உள்ளே வந்தான். மலேரியா ஒழிப்புத் திட்டத்தில் களப்பணியாளனாக இருந்தான். காய்ச்சல்காரர்களின் விரல் நுனியைக் குத்திக் கண்ணாடித் துண்டில் ரத்தம் எடுப்பது, மாத்திரை கொடுப்பது, சாக்கடைக்கு மருந்து அடிப்பது எல்லாம் அவன் வேலை. அர்த்தநாரியைத் தாங்கி உட்காரவைத்து மாத்திரையை விழுங்கச் செய்தான்.

"கசப்புன்னு துப்பிப்போடாதீங்ணா. இந்தத் தடவையாச்சும் முழுசா முழுங்கீருங்க."

"இது மூணாவது தடவை தம்பி," என்றாள் முத்தாயம்மாள், தறியை நிறுத்தாமல். "மாத்திரை தின்னா எந்திரிக்கிறாரு. தறியில குந்துனா மறுபடியும் படுத்துக்கிறாரு."

சென்றாயன் தறிக்குழியைக் குனிந்து பார்த்தான். நெசவு செய்பவர் கால் தொங்கவிட்டு மிதிகட்டையை மிதிப்பதற்காக வெட்டிய பள்ளம் அது. பட்டு இழை வறண்டு அறுந்துபோகாமல் இருக்க அந்த ஈரமும் இருட்டும் வேண்டும். கொசுவுக்கும் அதுதான் வேண்டியிருந்தது. குழியின் மண்சுவரில் அவை எள் தூவியதுபோல ஒட்டிக்கொண்டிருந்தன.

முன்பெல்லாம் சுவருக்கு வெள்ளை மருந்து அடிப்பார்கள். நெசவாளர்கள் அதை உள்ளே விடவே மாட்டார்கள். சுவரிலும் துணியிலும் வெள்ளை வெள்ளையாகத் திட்டு விழும். தறியில் கல்யாணப் புடவை இருக்கும்போது யார் கதவைத் திறப்பார்கள்?

அந்த மாதம்தான் அலுவலகத்துக்குப் புதிதாகக் கையில் தூக்கும் புகை மெஷின் ஒன்று வந்திருந்தது. தோளில் வாரை மாட்டிக்கொண்டு, நீளமான குழலை முன்னால் நீட்டிப் பிடிக்க வேண்டும். ஒரு டேங்கில் பெட்ரோல், இன்னொன்றில் டீசலோடு கலந்த மருந்து. எஞ்சின் ஓடி குழல் சூடானதும் மருந்து அதில் பட்டு வெள்ளைப் புகையாக வெளியே வரும். சென்றாயனைச் சேலத்துக்கு அனுப்பி ஒரு நாள் பயிற்சி கொடுத்தார்கள். மைதானத்தில் பெருங்கூட்டத்துக்குப் பின்னால் நின்று அவன் கேட்டதில் பாதி எஞ்சின் சத்தத்தில் அடிபட்டுப் போயிற்று. கையெழுத்துப் போட்டு மெஷினை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினான்.

மறுநாள் சாயங்காலம் அதை நெசவாளர் தெருவுக்குக் கொண்டுபோனான். எல்லாரும் வாசலுக்கு வந்து பார்த்தார்கள். அத்தனை பேர் பார்க்கிறார்கள் என்ற கூச்சத்தில், எஞ்சின் பிடித்த உடனேயே மருந்துத் திருகைத் திறந்துவிட்டான். குழல் இருமிற்று. முதலில் புகை வரவில்லை. எண்ணெய் சாரலாக வந்தது. பிறகுதான் மெல்ல வெளுத்துத் தெருவை நிறைத்தது. ஜனங்கள் சிரித்துக்கொண்டே இருமினார்கள். சென்றாயனுக்குப் பெருமையாக இருந்தது.

காலையில் ஆராயி அவனைக் கூப்பிட்டு அனுப்பினாள். தெருமுனை வீட்டில் இருந்த இளம்பெண் அவள். கட்டிக்கொடுத்து வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. சன்னலோரம் தறி. பாவில், நீளவாக்கில் இழுத்துக் கட்டிய நூலில், சந்தன நிறப் புடவை பாதி நெய்தபடி நின்றது.  சன்னல் கதவை முழுதாகத் திறந்து வெளிச்சம் படும்படி விட்டாள். புடவை உடம்பில் கடுகுபோல எண்ணெய்ப் புள்ளிகள்.

சென்றாயன் குனிந்து ஒரு புள்ளியை விரல் நுனியால் தொட்டான். விரலில் டீசல் நாற்றம் ஒட்டியது.

முத்தாயம்மாள் வந்து பார்த்தாள். சாக்கட்டியைத் தூளாக்கிப் புள்ளிகள்மேல் அப்பி, மேலே துணி போட்டு ராத்திரி முழுக்க விடச் சொன்னாள். எண்ணெயில் பெரும்பகுதியை அது இழுத்துக்கொண்டது. மிச்சம் மங்கலாகத் தெரிந்தது. "உட்கட்டுல, உள்ள மடிஞ்சு போற எடம்தான், பயப்படாத" என்று ஆராயியைத் தேற்றினாள். ஆனால் அன்றிலிருந்து சென்றாயன் தெருவுக்குள் வந்தால் சன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன.

சுகாதார ஆய்வாளர் சென்னிமலை நிதானமான மனிதர். சென்றாயன் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "உடு சென்றாயா," என்றார். "அவுங்க பொழப்பு பட்டு. நாம வம்படியா அடிக்க முடியாது. மத்த தெருவப் பாரு. இங்க மாத்திரையக் குடுத்துட்டு வா."

அது நியாயம்தான். ஆனால் அந்த வாரம் எடுத்த ரத்தத்தில் கிருமி இருந்ததெல்லாம் பெரும்பாலும் அந்த ஒரு தெருவிலிருந்து வந்ததுதான். மாத்திரை கொடுக்கப் போகும்போதெல்லாம் அர்த்தநாரியின் பல் சத்தம் சென்றாயன் காதில் விழுந்தது. ஒரு நாள் மாத்திரை கொடுத்த பிறகும் அவன் கிளம்பவில்லை. தறிக்கு எதிரே தரையில் உட்கார்ந்தான்.

"ஏனுங்க்கா, எங்க தப்புப் பண்ணுனேன்னு எனக்கே புரியிலீங்க."

முத்தாயம்மாள் நாடாவைப் பிடித்து நிறுத்தினாள். அவன் வந்த நாட்களில் அவள் தறி நின்றது அதுதான் முதல் தடவை.

"அந்த மெஷின் எப்ப எண்ண துப்பும், எப்பத் துப்பாதுன்னு உங்களுக்குத் தெரியுமா தம்பி?"

"தெரியாதுங்க்கா."

"தெரியாமயா தெருவுக்குள்ள கொண்டாந்தீங்க?"

அவள் கோபமாகக் கேட்கவில்லை. அதனால்தான் அவனுக்கு அதிகம் உறைத்தது.

"தறியில புது மாதிரி போடறப்ப மொதல்ல ஒரு சாண் நெய்து பாப்பம். சரியில்லீன்னா பிரிச்சிருவம்," என்றாள் அவள். பிறகு மூலையில் கிடந்த கூடையிலிருந்து கழிவுப் பட்டு இழைகளை ஒரு கை அள்ளிக் கொடுத்தாள். சாயம் போடாத வெள்ளை இழைகள். "இதுல அடிச்சுப் பாருங்க. நாளைக்கு விடியால நானும் வாரேன்."

ஊருக்கு வெளியே ஏரிக்கரையோரம் ஒரு வெட்டவெளி இருந்தது. விடிந்தும் விடியாத நேரத்தில், காற்று அசையாதபோது, இரண்டு பேரும் குச்சிகளை வரிசையாக நட்டு அதில் பட்டு இழைகளைக் கட்டினார்கள். முதல் குச்சி குழலுக்கு மிக அருகில், கடைசிக் குச்சி வரப்பைத் தாண்டி. முத்தாயம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னால் நின்றாள்.

அன்றைக்கு எதுவும் சரியாக வரவில்லை. திருகைத் திறந்ததும் முன்போலவே எண்ணெய் சாரல். முதல் மூன்று குச்சிகளில் இழை பழுப்பாகிச் சொட்டியது. சென்றாயனுக்கு எரிச்சல் வந்துவிட்டது. மருந்துத் திருகை மூடாமலே எஞ்சினை அணைத்தான்.

குழல் முனையிலிருந்து ஒரு முழ நீளத்துக்குத் தீ பாய்ந்தது. ஒரு கணம்தான். அவன் கையில் இருந்த மயிர் கருகிய நாற்றம் வந்தது. காய்ந்த புல்லில் சொட்டிய எண்ணெய் பற்றிக்கொண்டது. முத்தாயம்மாள் குனிந்து மண்ணை அள்ளி அள்ளிப் போட்டாள். அவனும் மெஷினை ஈர மண்ணில் இறக்கிவிட்டு மண்ணை வாரிப் போட்டான். அணைந்தபிறகு இருவரும் வரப்பில் உட்கார்ந்தார்கள். 

"இது ஊட்டுக்குள்ள நடந்திருந்தா?" என்றாள் முத்தாயம்மாள்.

"மொத்தத் தெருவும் பத்தியிருக்குங்க்கா."

"கையக் காட்டுங்க." மேல்தோல் சிவந்திருந்தது, கொப்புளம் இல்லை. அவன் கொண்டுவந்த குடத்துத் தண்ணீரை அவளே மெல்ல ஊற்றினாள். "நாளைக்கு வேண்டாம். கை ஆறட்டும். அந்தச் சேலத்துக்காரங்க என்ன சொன்னாங்கன்னு நல்லா ரோசனை பண்ணிப் பாருங்க."

யோசித்துப் பார்த்தான். மைதானத்தில் அந்த ஆள் குழலைத் தொட்டுக் காட்டிக் காட்டிப் பேசியது ஞாபகம் வந்தது, வார்த்தைதான் ஞாபகம் வரவில்லை. சனிக்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு சேலத்துக்கே போய் அவரைத் தேடிப் பிடித்து, எஞ்சின் ஓடாத இடத்தில் நிற்கவைத்து மறுபடியும் கேட்டான். அவர் சலித்துக்கொள்ளாமல் சொன்னார். எஞ்சின் ஓடிக் குழல் நன்றாகச் சூடேறும்வரை மருந்தைத் திறக்காதே. நிறுத்தும்போது மருந்தை முதலில் மூடு, குழலில் தங்கியிருப்பது புகைந்து தீரட்டும், அப்புறம் எஞ்சினை நிறுத்து. சூடாக இருக்கும்போது பெட்ரோல் ஊற்றாதே. புல்மேலும் கூரையோரமும் வைக்காதே. அடைத்த அறைக்குள் அதிகம் அடிக்காதே, டீசல் புகை நெருப்பைப் பார்த்தால் பிடித்துக்கொள்ளும்.

கை ஆறியதும் மறுபடியும் ஏரிக்கரைக்குப் போனார்கள். இந்தத் தடவை தரையைச் செதுக்கிப் புல் இல்லாமல் செய்துகொண்டான். எஞ்சின் சீராகப் படபடத்து ஓடட்டும் என்று காத்திருந்தான். காற்று முதுகில் படும்படி நின்று, திருகைக் கொஞ்சமாகத் திறந்தான். திரிந்த பால்போலக் கட்டி தட்டாமல், வெள்ளையாக, உலர்ந்த புகை வந்தது. அது தரையைத் தொட்டுக்கொண்டு நகர்ந்து குச்சிகளை ஒவ்வொன்றாக மறைத்தது.

புகை கலைந்தபின் முத்தாயம்மாள் இழைகளை அவிழ்த்தாள். ஒவ்வொன்றாக விரலில் உருட்டினாள், முகர்ந்தாள், வெயிலுக்கு நேரே பிடித்தாள். மிக அருகில் இருந்த இழை மட்டும் பிசுக்கென்றிருந்தது. மற்றவற்றில் வாசனை இருந்தது, கறை இல்லை.

"இந்தத் தூரத்துக்கு இந்தண்ட வந்தாத்தான் ஒட்டுது," என்றாள், இரண்டாவது குச்சியைக் காட்டி.

சென்றாயன் முகம் மலர்ந்தது. "அப்பத் தெருவுல அடிக்கலாங்களா?"

"தெருவுல அடிச்சாத் தெருக் கொசு சாவும். எங்களக் கடிக்கிறது குழிக்குள்ள இருக்குதே, அதுக்கு என்ன பண்றது?"

 வீடு திரும்பும் வழியெல்லாம் அதையே பேசிக்கொண்டு வந்தார்கள். தெருமுனை வந்தபோது அவளே சொன்னாள்.

"அமாவாசைக்குத் தறி ஓடாது. அன்னிக்குப் பாவு மேல பழைய வேட்டிய ரெண்டா மடிச்சுப் போட்டு, அதுக்கு மேல உரச்சாக்குக்குள்ள இருக்கிற பிளாஸ்டிக் காயிதத்தப் போத்தி உட்டா? நீங்க வாசல்ல நின்னு குழியப் பாத்து அடிக்கலாமா?"

"வாசல்ல நின்னு கொஞ்சமா அடிச்சுட்டு உடனே கதவச் சாத்தோணுங்க. உள்ள ஒரு உசுரு இருக்கக் கூடாது. அடுப்பு, வெளக்கு ஒண்ணும் எரியக் கூடாது. தண்ணி, சோறு எல்லாம் எடுத்தரோணும். அப்பறம் கதவத் தொறந்து காத்தாட உட்டுட்டுத்தான் உள்ள போவோணும்."

"அத நான் பேசிக்கிறேன்."

அவள் எப்படிப் பேசினாள் என்று சென்றாயனுக்குத் தெரியாது. ஒவ்வொரு வீட்டுக்கும் அந்தப் பட்டு இழைகளைக் கொண்டுபோய்க் காட்டினாள் என்று மட்டும் பிறகு கேள்விப்பட்டான். ஆராயி வீட்டில்தான் அதிக நேரம் உட்கார்ந்திருந்தாளாம். சென்னிமலையும் முந்தின நாள் வந்து, தொட்டிகளில் தேங்கியிருந்த தண்ணீரையெல்லாம் கவிழ்க்கச் சொல்லிவிட்டுப் போனார். புகை பறக்கிற கொசுவைத்தான் கொல்லும், தண்ணீரில் நெளிகிற புழுவை ஒன்றும் செய்யாது என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை சொன்னார்.

அமாவாசை அன்று காலையில் தெருவே காலியாயிற்று. குழந்தைகள், கோழிகள், குடங்கள், மாடுகள், காய்ச்சல்காரர்களின் கட்டில்கள் எல்லாம் மாரியம்மன் கோயில் மைதானத்து வேப்பமர நிழலுக்குப் போய்ச் சேர்ந்தன. அர்த்தநாரி மட்டும் வர மாட்டேன் என்றார்.

"நான் எந்திரிச்சுப் போனா பாவ ஆரு பாத்துக்கிறது? காயிதம் நழுவிப்போச்சுன்னா?"

"பாவுக்கு ஒண்ணுன்னா வேற பாவு பூட்டிக்கலாம்," என்றாள் முத்தாயம்மாள். "எந்திரீங்க."

அவர் அவளை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு கையை நீட்டினார். அவள் தோளில் சாய்ந்தபடியே நடந்து போனார்.

சென்றாயன் ஈரத் துண்டால் மூக்கையும் வாயையும் கட்டிக்கொண்டான். காதில் பஞ்சு வைத்தான். முழுக்கைச் சட்டையின் பொத்தானைப் போட்டான். எஞ்சினைத் தெருவுக்கு வெளியே ஓடவிட்டு, குழல் சூடானபிறகுதான் தெருவுக்குள் நடந்தான். முத்தாயம்மாள் ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் முன்னால் போய்ப் பார்த்துவிட்டு வெளியே வந்து தலையாட்டுவாள். அவன் படிக்கு வெளியே நின்று குழலைக் கீழ்நோக்கிக் காட்டித் திருகைத் திறப்பான். புகை தரையோடு ஊர்ந்து குழிக்குள் சரிந்து இறங்கும். குழி வெள்ளையாக நிறைந்ததும் திருகை மூடிக்கொண்டு பின்வாங்குவான். அவள் கதவைச் சாத்துவாள்.

வேலை ஒழுங்காக ஓடியது. தெருவின் ஒரு பக்கம் முடிந்து முனைக்கு வந்தபோது மெஷினை நிறுத்தி, ஆறவைத்து, பெட்ரோல் ஊற்றினான். அதற்காகக் காத்திருந்த நேரத்தில்தான் ஆராயி கோயிலிலிருந்து வீட்டுக்கு ஓடிப்போய்த் திரும்பி வந்திருக்கிறாள். அதை அவன் பார்க்கவில்லை. மெஷினை நிறுத்துமுன்பே அவள் வீட்டைப் பார்த்துவிட்டதால் முத்தாயம்மாளும் மறுபடி உள்ளே போகவில்லை.

ஆராயி வீட்டு வாசலில் நின்று திருகைத் திறந்தான். புகை உள்ளே போயிற்று. அந்த வெள்ளைக்குள், உள்ளறை ஓரமாக, மஞ்சளாக ஒன்று அசைந்தது.

சென்றாயனுக்கு உடனே புரிந்துவிட்டது. எஞ்சினை அணைக்கத்தான் கை முதலில் போயிற்று. ஏரிக்கரை ஞாபகம் வந்து கையை இழுத்துக்கொண்டான். மருந்துத் திருகை இறுக மூடினான். குழலை வாசலிலிருந்து திருப்பித் தெருவைப் பார்க்க வைத்துக்கொண்டு, படபடக்கும் எஞ்சினோடு பின்னால் பின்னால் நடந்தான். மெஷினை நடுத்தெருவில் மண்ணில் இறக்கி நிறுத்தியபிறகுதான் துண்டை இறக்கிக் கத்தினான்.

"உள்ள வெளக்கு எரியுதுங்க்கா. கிட்டப் போகாதீங்க. பின்வாசலத் தொறந்து உடுங்க, புகை வெளிய போகட்டும்."

முத்தாயம்மாள் சந்து வழியாகச் சுற்றிப் போய்ப் பின்கதவைக் கோலால் தள்ளித் திறந்தாள். முன்கதவும் திறந்தே கிடந்தது. இரண்டு பேரும் இரண்டு பக்கமும் தள்ளி நின்றார்கள். புகை அவசரமில்லாமல் வெளியே வந்தது. கோயில் பக்கத்திலிருந்து ஆராயி ஓடி வந்தாள். அவளைக் கைநீட்டித் தடுத்து நிறுத்தினான்.

"அமாவாசையும் அதுவுமா சாமிக்கு வெளக்கு இல்லாம," என்று அவள் மூச்சு வாங்கினாள். "அடுப்புத்தான் எரியக் கூடாதுன்னு நெனச்சனுங்க."

 அவளிடம் கத்திவிடலாம் என்று சென்றாயனுக்குத் தோன்றியது. ஆனால் இந்தப் பெண்ணின் சன்னலோரத்தில் தான் நின்ற காலைப்பொழுது அவன் கண்முன் வந்தது.

"நான் அன்னிக்கே வந்து வெவரமாச் சொல்லீருக்கோணும்மா," என்றான். "கொஞ்சம் பொறு. தெளியட்டும்."

சுவரும் விளக்கு மாடமும் தெளிவாகத் தெரிகிறவரை காத்திருந்தார்கள். பிறகு ஆராயி தலையிலிருந்த பூவில் ஒன்றைக் கிள்ளி எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். வாயால் ஊதாமல் அந்தப் பூவால் திரியை அணைத்துவிட்டு வந்தாள். "அம்மனுக்குப் பொழுது சாய ஏத்திக்கலாம்," என்றாள் முத்தாயம்மாள். அந்த வீட்டுக்குக் கடைசியாகப் புகை போட்டார்கள். அதற்குமுன் முத்தாயம்மாள் தெருவின் மீதி வீடுகளை முதலிலிருந்து மறுபடியும் உள்ளே போய்ப் பார்த்தாள்.

மத்தியானத்துக்கு மேல் கதவுகளைத் திறந்து காற்றாட விட்டார்கள். ஜனங்கள் தயங்கித் தயங்கி வீட்டுக்குள் போனார்கள். முதலில் யாரும் குழியைப் பார்க்கவில்லை. காகிதத்தை விலக்கி, வேட்டியைத் தூக்கி, பாவை முகர்ந்து பார்த்தார்கள். ஆராயி தன் தறிமேல் கன்னத்தை வைத்தே பார்த்தாள். பிறகு விளக்குமாறு எடுத்துக்கொண்டு குழிக்குள் இறங்கினாள். கொசுக்களைக் கூட்டி அள்ளி முறத்தில் கொண்டுவந்து வாசலில் கொட்டினாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுத் தங்கள் தங்கள் குழியைக் கூட்டப் போனார்கள்.

சென்றாயன் கோயில் குழாயடியில் சோப்புப் போட்டுக் கையையும் முகத்தையும் கழுவினான். காதுக்குள் எஞ்சின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ சொம்பில் காப்பி கொண்டுவந்து கொடுத்தார்கள். யார் என்று நிமிர்ந்து பார்ப்பதற்குள் போய்விட்டார்கள்.

அடுத்த வாரமும் அதற்கடுத்த வாரமும் அடித்தார்கள். காய்ச்சல் ஒரேயடியாக நின்றுவிடவில்லை. ஆனால் கார்த்திகை பாதியில் சென்றாயன் எடுத்துப்போன கண்ணாடித் துண்டுகளில் புதிதாகக் கிருமி தென்படவில்லை. மாத்திரையை முழுதாகத் தின்று முடித்த அர்த்தநாரி, கால் மெலிந்துபோய், சுவரைப் பிடித்துக்கொண்டு தறிக்கு வந்து உட்கார்ந்தார். அன்றைக்கு முத்தாயம்மாள் பகலில் தூங்கினாள். அவள் அப்படித் தூங்கி அந்தத் தெருவில் யாரும் பார்த்ததில்லை.

தை மாதத்தில் சென்னிமலை ஒரு காரியமாக அவள் வீட்டுக்கு வந்தார். குமாரபாளையத்தில் கைத்தறிக்காரர்கள் சிலர் புகை மெஷினைத் தெருவுக்குள்ளேயே விடவில்லையாம். அங்கேயும் காய்ச்சலாம். சென்றாயனை அனுப்புகிறார்கள்.

"நாஞ் சொன்னாக் கேக்க மாட்டாங்கம்மா. சென்றாயன் சொன்னாலும் கேக்க மாட்டாங்க. நீங்க ஒரு நாளைக்குப் போயிட்டு வர முடியுமா?"

முத்தாயம்மாள் கணவனைப் பார்த்தாள். அவர் நாடாவைத் தள்ளியபடியே, "போயிட்டு வா. சோறு நான் ஆக்கிக்கிறேன்," என்றார்.

மெஷினைப் பெட்ரோல் இல்லாமல் காலி டேங்கோடு பஸ்ஸின் மேலே கட்டினார்கள். திருச்செங்கோடு தாண்டும்வரை முத்தாயம்மாள் சன்னலோரம் உட்கார்ந்து வயலையும் மலையையும் பார்த்துக்கொண்டு வந்தாள். குமாரபாளையத்தில் இறங்கி, காவிரிக் காற்று வீசும் ஒரு தெருவுக்குள் நுழைந்ததும், கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு ஒரு பெண் அவர்களை முறைத்தாள். அவளுக்குப் பின்னால் தறி ஓடும் சத்தம் கேட்டது.

"புகை கிகையெல்லாம் வேண்டாமுங்க. பாவு கெட்டுப்போகும்."

"ஆமாங்க, கெட்டுப்போகும்," என்றாள் முத்தாயம்மாள். "தெரியாம அடிச்சாக் கெட்டுத்தான் போகும். நானும் ராசிபுரத்துல தறிக்காரிதானுங்க."

அந்தப் பெண் கதவை இன்னும் கொஞ்சம் திறந்தாள். முத்தாயம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். சென்றாயன் மெஷினை நிழலில் வைத்துவிட்டு வெளியே நின்றான். உள்ளே சற்று நேரம் ஓடிக்கொண்டிருந்த தறி நின்றது. இரண்டு பெண்களும் பேசும் குரல் கேட்டது, சொல் புரியவில்லை. பிறகு எதிர்வீட்டுக் கதவும் திறந்தது.